மாமல்லை வானில் எவர் மொழி?

கலங்கரை விளக்கம் என்னும் சொல்லைத் தமிழர் நாளும் வழங்குகின்றனர். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பவரோ சிலரே. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இங்கும். இருட்கடலில் திசை தெரியாது வரும் கலத்தை ‘இதோ கரை, இங்கே வா’ என்று அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். கருவியைச் செய்தவன் அதன் தொழிலையும் பயனையும் ஒருங்கே உணர்ந்து இட்ட பெயர் அது. எவரிடமும் இரந்து பெற்ற பெயரன்று.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையன் நாட்டின் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைக் காட்டுகிறது. வானளாவிய மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைத்த செய்தி அதில் உள்ளது. அத்துறை இன்றைய மாமல்லபுரமே என்பர் அறிஞர் சிலர்; பாலாறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்த வசவசமுத்திரப் பகுதி என்பர் வேறு சிலர். இருவர் கூற்றும் செங்கற்பட்டுக் கடற்கரைக்குள்ளேயே அடங்கும். மாமல்லைக் குன்றின்மேல் பல்லவர் எடுத்த ஒலக்கண்ணேசுவரர் கற்றளியும் பின்னாளில் விளக்கேற்றும் இடமாய் இருந்தது. அதன் அருகே ஆங்கிலேயர் எழுப்பிய கற்கோபுர விளக்கு இன்றும் நிற்கிறது.

இன்று அக்குன்றுக்கு மேலே, முகிலுக்கும் மேலே, வானூர்திகள் ஊர்கின்றன. அவை அந்த விளக்கைத் தேடுவதில்லை. அவற்றை அழைக்கும் விளக்குகள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். அழைப்பு நிற்கவில்லை, அழைக்கும் இடம் உயர்ந்திருக்கிறது. ஆனால் அழைக்கும் மொழி எது? அழைப்பைக் கேட்கும் பொறியின் மொழி எது? அப்பொறியைக் கற்பிக்கும் மொழி எது? அவ்வூர்தியில் அமர்ந்திருக்கும் தமிழ்த்தாய்க்கு உயிர்காக்கும் வழி சொல்லும் மொழி எது? இந்நான்கு வினாக்களுக்கும் விடை ஒன்றே: தமிழ் அன்று!

கடலுக்குக் கருவி செய்த நாளில் பெயரும் செய்தோம். வானுக்குக் கருவி செய்யும் நாளில் பெயரை அயலானிடம் விட்டுவிட்டோம். ஒரு கருவியின் உள்ளியக்கத்தைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்தவனே அதற்கு உரியவன். அல்லாதவன் அதைக் குடிக்கூலிக்கு எடுத்தவன். இதுவே இக்கட்டுரையின் ஒரே கருத்து.

பொறியின் உள்ளே

‘வானூர்திப் பொறிகளைத் தமிழில் சொல்ல வருமா?’ என்று உதட்டைப் பிதுக்குவோர் நம்மவருள்ளேயே மிகுதி. அவர்களுக்கு வாதம் வேண்டா, செயலே விடை. சொல்லிக் காட்டுவோம்.

ஆங்கிலத்தில் ‘பிளைட் மேனேச்மெண்ட் சிசுடம்’ எனப்படுவதைப் பறப்பு மேலாண்மைப் பொறி என்போம். வானூர்தியின் முன்னறையில் வலவர் இருவருக்கும் எட்டும் இடத்தில், சிறு திரையும் எழுத்துப் பலகையுமாய் அதன் முகம் தெரியும். தேரோட்டியை வலவன் என்றனர் முன்னோர். வானூர்தி ஓட்டுபவரையும் அச்சொல்லாலேயே அழைப்போம். புறப்படும் இடம், சேரும் இடம், இடையில் தொடவேண்டிய வழிப்புள்ளிகள், ஏறவேண்டிய உயரம், ஊர்தியின் எடை, எரிபொருளின் அளவு ஆகியவற்றை வலவர் புறப்படுமுன் அதில் பதிகிறார். எவ்வழி செல்வது, எங்கே ஏறுவது, எங்கே இறங்கத் தொடங்குவது, எரிபொருள் எவ்வளவு எஞ்சும் என்பனவற்றைப் பொறி கணித்துச் சொல்கிறது. வலவர் இசைந்தால், தன்வலவன் என்னும் தானியங்கு கருவி அக்கணக்கின்படி ஊர்தியைச் செலுத்துகிறது.

வழிப்புள்ளி என்பது வானில் நட்ட கல் அன்று. அகலக்கோடும் நெடுங்கோடும் வெட்டிக்கொள்ளும் ஓரிடம். பெரும்பாலும் ஐந்து உரோமன் எழுத்தாலான ஒரு பெயரைத் தாங்கியது. உலகிலுள்ள வழிப்புள்ளிகளும் ஓடுபாதைகளும் அடங்கிய தரவுத் தொகுதி பொறிக்குள் இருக்கிறது; 28 நாளுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப் பெறுகிறது.

நம் நிலத்தைக் கொண்டே விளக்குவோம். மீனம்பாக்க ஓடுபாதை வட அகலக்கோடு 12 பாகை 59 கலையில் உள்ளது. மாமல்லைக் கடற்கரைக் கோயில் 12 பாகை 37 கலை. நெடுங்கோட்டில் இரண்டுக்கும் ஓரிரு கலையே வேறுபாடு. ஆகவே மீனம்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ நேர் தெற்கே 22 கலை சென்றால் மாமல்லை. அகலக்கோட்டின் ஒரு கலை ஒரு கடல்மைல். அஃதாவது 1852 மீட்டர். எனவே தொலைவு ஏறத்தாழ 41 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் விரைவில் ஊரும் வானூர்திக்கு இது மூன்று மணித்துளிக் கடப்பு.

‘நான் இப்போது எங்கே இருக்கிறேன்?’ என்பதே பொறியின் ஓயாத வினா. அதற்கு இரு சான்றுகளை அது நாடுகிறது. ஒன்று, நிலைமத் திசைகாட்டி. ஊர்தியின் ஒவ்வொரு திரும்பலையும் முடுக்கத்தையும் அளந்து கூட்டிக்கொண்டே போவது அது. வெளியுலகை அது காண்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பவனைப் போன்றது. நேரம் செல்லச் செல்லப் பிழை சேரும். மற்றொன்று, ‘ஜி.பி.எஸ்.’ என்று மக்கள் வாயில் வழங்கும் செயற்கைக்கோள் வழிகாட்டல். ஒவ்வொரு கோளும் தான் இருக்கும் இடத்தையும் தன் நேரத்தையும் ஓயாது ஒலிபரப்புகிறது. அந்த அலை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் விரைவால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரியும். ஊர்தியிலுள்ள மணிப்பொறியின் பிழையைத் தீர்க்க நான்காவது கோளும் வேண்டும். நேரத்தில் நொடியின் பத்திலக்கத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தொலைவில் 300 மீட்டர் பிழைக்கும். அதனால்தான் ஒவ்வொரு கோளிலும் அணு மணிப்பொறி வைக்கின்றனர்.

இதன் அடிப்படை மாமல்லைக் கடலோடிக்குப் புதிதன்று. கரையிலுள்ள கோயில் முடியும் அதன் பின்னுள்ள குன்றும் ஒரே நேராய் வருவதை ஒரு கோடாகவும், நெட்டைப் பனை ஒன்றும் விளக்குக் கோபுரமும் நேராய் வருவதை மற்றொரு கோடாகவும் கொண்டு, இரண்டும் வெட்டும் இடத்தை மறுநாளும் தவறாது வந்தடைந்தவன் அவன். அவன் கோட்டால் செய்ததைச் செயற்கைக்கோள் தொலைவால் செய்கிறது.

நில அளவைக்கும் இம்மண்ணே தொடக்கம். 1802ஆம் ஆண்டு வில்லியம் இலாம்டன் பரங்கிமலையை ஒட்டி ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெருநில அளவை அக்கோட்டிலிருந்தே வளர்ந்தது. 1998 சனவரி 1 முதல் பன்னாட்டு வான்போக்குவரத்துக்கு உலகப் பொது அளவை ஒன்று வகுக்கப்பட்டது. செயற்கைக்கோள் பேசுவதும் அதே அளவைதான். நிலம் நம் நிலம்; அளவை ஏறிய ஏடு ஆங்கில ஏடு. அன்று நாம் அடிமைகள், வாயிழந்து நின்றோம். இன்று வாய் இருந்தும் ஏன் வாளா இருக்கிறோம்?

மேலே கூறியவற்றுள் எது தமிழுக்கு அகப்படவில்லை? வலவர், தன்வலவன், வழிப்புள்ளி, தரவுத் தொகுதி, நிலைமம், முடுக்கம், பாகை, கலை — எந்தச் சொல் படிப்பவர் தொண்டையில் முள்ளாய்க் குத்தியது? தமிழால் இயலாது என்பவர் தமிழின் வறுமையைச் சொல்லவில்லை. தம் சோம்பலைச் சொல்கின்றனர்.

பெயரிட்டவர் எவர்?

அமெரிக்கக் கோள்களின் அலை, நிலநடுக்கோட்டை அண்டிய நம் வானத்தின் மின்னேற்ற அடுக்குகளைக் கடக்கும்போது பிழைபடுகிறது. அப்பிழையைத் தரையிலுள்ள நிலையங்களால் அளந்து, திருத்தத்தை வேறொரு கோளின் வழியே வானூர்திக்கு அனுப்பும் அமைப்பை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் வானூர்தி நிலைய ஆணையமும் இணைந்து உருவாக்கின. 2013 திசம்பரில் அது முதற் சான்று பெற்றது. 2015 ஏப்பிரலில் ஓடுபாதையை நோக்கி இறங்குவதற்கும் சான்று பெற்றது. நல்ல பணி, பாராட்டுவோம். அதற்கு இட்ட பெயர் என்ன? ‘ககன்’! ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டியதுபோல் காட்டி, உள்ளே வடமொழிக் ககனத்தை ஒளித்து வைத்த பெயர்.

அமெரிக்கக் கோள்களையே நம்பி வாழலாகாது என்று இந்தியா தனக்கென ஒரு கோள்தொகுதியை ஏவியது. முதற்கோள் 2013 சூலை 1 அன்று ஏவப்பட்டது. ஏழாவது கோள் ஏறிய 2016 ஏப்பிரலில் தலைமை அமைச்சர் அதற்குப் பெயர் சூட்டினார். ‘நாவிக்’! இந்தியில் கடலோடி என்று பொருள். மாமல்லையிலும் கொற்கையிலும் புகாரிலும் நாவாய் ஓட்டிய இனம் மீகாமன் என்னும் சொல்லை வைத்திருக்கிறது. மாலுமி அரபு வழி வந்தது என்று கண்டு, மீகாமனை மீட்டெடுத்து வழங்குகிறோம். அச்சொல் பெயரிடும் அவையில் ஏறவில்லை. இந்திய ஒன்றியத்தில் பல மொழி உண்டு என்பர். விண்ணில் மட்டும் ஒரே மரபின் பெயர்தான் ஏறுமோ?

‘பெயரில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் பெரியோரே, பொறியிடம் கேளுங்கள். பறப்பு மேலாண்மைப் பொறிக்குப் பெயரே எல்லாம். 1996ஆம் ஆண்டிலேயே இந்நகரின் ஆங்கிலப் பெயரும் சென்னை ஆயிற்று. ஆனால் வானூர்திச் சீட்டில் மூன்றெழுத்துக் குறியீடு இன்றும் ‘எம்.ஏ.ஏ.’ என்றே நிற்கிறது. அஃது ஆங்கிலேயர் வழங்கிய ‘மெட்ராசு’ என்பதன் எச்சம். ஆட்சி போயிற்று, பெயர்ப் பலகை மாறிற்று, பொறிக்குள் புகுந்த பெயர் மட்டும் போகவில்லை. முதலில் பெயரிடுபவனே நெடுநாள் ஆள்கிறான். ஆதலால்தான் பெயரிடும் வேளையில் உறங்கலாகாது என்கிறோம்.

இன்னும் ஒன்று. அந்த இந்தியக் கோள்தொகுதியின் முதற் கோள்களில் வைத்த அணு மணிப்பொறிகள் ஐரோப்பாவில் வாங்கியவை. முதற்கோளில் இருந்த மூன்றும் பழுதுற்றன என்ற செய்தி 2017 சனவரியில் வெளியாயிற்று. கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இடம் சொல்லும் வலிமை அதற்கு இல்லை. பின்னர், 2023 மே 29 அன்று ஏவிய கோளில் இந்தியாவிலேயே செய்த அணு மணிப்பொறியும் ஏற்றப்பட்டது. இரவல் மணிப்பொறி கைவிடும் என்று அறிந்து, தன் மணிப்பொறி செய்தனர். அறிவுடைமை! அதே அறிவை மொழியில் நாங்கள் காட்டினால் மட்டும் குறுகிய நோக்கு என்பதா? மணிப்பொறிக்கு ஒரு நெறி, மொழிக்கு ஒரு நெறியா?

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். வலவன் செலுத்தாத வானவூர்தி பற்றிய குறிப்புப் புறநானூற்றில் உண்டு. அதைக் காட்டி, முன்னோர் வானூர்தி செய்தனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது வீண் பெருமை. புலவர் பாடியது துறக்கம் செல்லும் ஊர்தியை. பட்டறையில் செய்த பொறியை அன்று. நம் முன்னோர் விட்டுச் சென்றது வானூர்தி அன்று. வானூர்தி வந்தால் அழைப்பதற்கு வேண்டிய சொல். பொய்ப்பெருமை பேசுபவன் மெய்ச்செல்வத்தைக் கோட்டைவிடுவான்.

‘இடர் வரும்’ என்பார்க்கு

‘வானில் ஆங்கிலமே இருக்கட்டும், வேறு மொழி புகுந்தால் உயிர்கள் போகும்’ என்பது நம்மை நோக்கி வீசும் பெரிய கல். அஞ்சாமல் கையில் வாங்கிப் பார்ப்போம்.

1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்திரி வானில் சவுதி ஊர்தியும் கசக்கசுத்தான் ஊர்தியும் மோதி 349 பேர் மாண்டனர். கசக்கசுத்தான் ஊர்தி தனக்கு ஒதுக்கிய 15,000 அடி உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அவ்வூர்தியினரின் ஆங்கிலத் தேர்ச்சிக் குறைவும் சுட்டப்பட்ட கரணியங்களுள் ஒன்று. 1977 மார்ச்சு 27 அன்று தெனரீப்புத் தீவின் ஓடுபாதையில் இரு பேரூர்திகள் மோதி 583 பேர் மாண்டனர். மூடுபனியில், ஆலந்து ஊர்தியிலிருந்து ஆங்கிலத்தில் சொன்ன ஒரு தொடர், ‘புறப்படும் இடத்தில் நிற்கிறோம்’ என்றும் ‘புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்றும் இருபொருள் பட்டது.

1995 திசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்க ஊர்தியின் முடிவு, நம் பொருளோடு இன்னும் நெருங்கியது. ரோசோ என்னும் வழிகாட்டு நிலையத்தை எண்ணி வலவர் பறப்பு மேலாண்மைப் பொறியில் ஓரெழுத்தை மட்டும் பதிந்தார். அவ்வெழுத்துக்குப் பொறி தந்த பட்டியலின் முதலில் இருந்ததோ, பொகோட்டா நகருக்கு அருகிலுள்ள ரோமியோ என்னும் வேறொரு நிலையம். பொறி சொன்னபடி செய்தது. ஊர்தியைக் கிழக்கே திருப்பியது. பிழை புலனாகித் திருத்த முயல்வதற்குள் மலை குறுக்கிட்டது. ஊர்தியில் இருந்த 163 பேரில் 159 பேர் மாண்டனர். தரையில் இருந்த கட்டுப்பாட்டாளரின் தாய்மொழி இசுப்பானியம். வலவர் கேட்பது பொருந்தவில்லை என்று அவர் ஐயுற்றார். வலவர்கள் இசுப்பானியம் அறிந்தவராயின் அதை எடுத்துச் சொல்லியிருப்பேன், வழக்கமான தொடர்களுக்கு அப்பால் வினவ என் ஆங்கிலம் போதவில்லை என்று பின்னர் உசாவலில் கூறினார்.

இவற்றால் விளங்குவது என்ன? ஆங்கிலம் காக்கும் என்பதா? அன்று. முழுதும் உணராத மொழி வாயில் இருந்தால் ஐயமும் எச்சரிக்கையும் நெஞ்சிலேயே நின்றுவிடும் என்பதே விளங்குவது. மனப்பாடத் தொடர் வழக்கமான நாளில் போதும். வழக்கம் முறிந்த நாளில் மாந்தனுக்குக் கை கொடுப்பது, அவன் எண்ணும் மொழி.

பன்னாட்டு விதியும் ஆங்கிலம் ஒன்றையே வற்புறுத்தவில்லை. தரைநிலையம் வழக்கமாக வழங்கும் மொழியிலோ ஆங்கிலத்திலோ வானொலி உரையாடல் நிகழலாம் என்பதே பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் விதி. பிரான்சில் பிரெஞ்சு வலவர் தம் கட்டுப்பாட்டாளரோடு பிரெஞ்சில் பேசுகின்றனர். கனடாவின் கியூபெக்கில் இவ்வுரிமைக்குப் பெரும்போர் நடந்தது. 1976 சூனில், வானில் பிரெஞ்சு புகலாகாது என்று ஆங்கில வலவர்கள் வேலைநிறுத்தமே செய்தனர். இடர் வரும், உயிர் போகும் என்றனர். அரசு ஆய்வுக்குழு அமைத்தது. இருமொழியால் பாதுகாப்புக் குறையாது என்று அக்குழு 1979இல் முடிவுரைத்தது. பிரெஞ்சு வானேறிற்று. பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் இருப்பதும் அதே கியூபெக்கின் மாண்ட்ரீல் நகரில்தான்!

பல நாட்டு ஊர்திகள் இறங்கும் மீனம்பாக்கத்தில் வானொலிக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அங்கே பயின்ற ஆங்கிலம் இருக்கட்டும். ஆனால் வலவருக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே நிகழும் சில தொடர்களுக்கு வகுத்த விதியைக் காட்டி, கல்வியிலும் அறிவிப்பிலும் பெயரிலும் தமிழை வெளியே நிறுத்துவது கள்ளத்தனம். அக்கள்ளத்தனத்தையே எதிர்க்கிறோம்.

வேண்டுவன மூன்று

முதலாவது: தமிழ்நாட்டிலிருந்து புறப்படும், தமிழ்நாட்டில் இறங்கும் ஒவ்வோர் ஊர்தியிலும் உயிர்காப்பு அறிவிப்பு தமிழில் வேண்டும். இதை மொழிப்பற்று என்று மட்டும் எண்ணற்க, உயிர்ப்பற்று. 1996 நவம்பர் 23 அன்று, கடத்தப்பட்ட எத்தியோப்பிய ஊர்தி ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமோரோத் தீவுக் கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் மாண்டனர். உயிர்காப்பு மேலாடையை ஊர்திக்குள்ளேயே ஊதிப் பெருக்கிக்கொண்டவர் பலர், உட்புகுந்த நீரால் மேலே தள்ளுண்டு, வாயிலை நோக்கி மூழ்கிச் செல்ல இயலாமல் உள்ளேயே இறந்தனர். ‘வெளியேறிய பின்னரே ஊதுக’ என்னும் ஒரு தொடர் எத்தனை உயிரின் விலை! மதுராந்தகத்திலிருந்தோ செய்யூரிலிருந்தோ மகனைக் காணச் சிங்கைக்குப் புறப்படும் தாய்க்கு அத்தொடர் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒலிக்கிறது. ஊர்தி மீனம்பாக்கத்தை விட்டு எழுந்து சிறிது நேரத்தில் கீழே கடல். அவள் செலுத்திய கட்டணம் மட்டும் எல்லாருக்கும் புரியும் மொழியில் எண்ணப்பட்டது. அவள் உயிர் காக்கும் சொல் அவளுக்குப் புரியாத மொழியில்! இலங்கையின் ஊர்தியில் சிங்களத்தோடு தமிழும் ஒலிக்கிறது. தமிழ் வலவர் சிலர் தாமே முன்வந்து தமிழில் அறிவித்தபோது பயணிகள் மகிழ்ந்து வரவேற்றதை அண்மை ஆண்டுகளில் கண்டோம். ஒருவரின் நல்லெண்ணமாய் இருப்பது அனைவர்க்கும் ஆணையாக வேண்டும்.

இரண்டாவது: வானூர்தியியலைத் தமிழில் கற்பிக்க வேண்டும். செங்கற்பட்டு மண்ணின் குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரியில்தான் அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றார். நிலவுக்கு 2008இல் சென்ற முதல் சந்திரயான் திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பள்ளிக் கல்வியைத் தமிழில் பெற்றவர். தமிழில் தொடங்கிய மூளை விண்ணை எட்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அக்கதவை வானூர்தித் துறைக்கும் திறக்க வேண்டும். வலவரும் வானூர்திப் பொறிஞரும் தமிழ்ப்புலவரும் ஒரே அறையில் அமர்ந்து, பறப்பு மேலாண்மைப் பொறியின் கையேட்டை முதலிலிருந்து முடிவு வரை தமிழில் எழுத வேண்டும். புலவர் தனியே சொல் படைத்தால் அது பொறிஞர் கையில் ஏறாது; பொறிஞர் தனியே எழுதினால் அது தமிழாய் இராது. ஆங்கிலக் கையேட்டையும் அவர்கள் கற்கட்டும். ஆனால் முதற் புரிதல் தமிழில் அமையட்டும். அவ்வாறு புரிந்தவன் ஆங்கிலத்தில் தடுமாறான்.

மூன்றாவது: பெயர். தமிழ்நாட்டு வானின் வழிப்புள்ளிகளுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும். இது நடவாத கனவா? அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரைச் சுற்றிய வழிப்புள்ளிகளுள் சிலவற்றுக்குக் குழந்தைகள் பார்க்கும் கேலிப்படங்களின் எலி, நாய்ப் பெயர்களை இட்டிருக்கின்றனர். கேலிப்பட நாய்க்குக் கிடைத்த இடம் கடலுக்கும் முகிலுக்கும் கிடையாதா? கடல், முகில், நிலம், கலம், மலை — இவை ஒவ்வொன்றும் ஐந்து உரோமன் எழுத்தில் அடங்கும். எளிதில் ஒலிக்கத் தக்கதாயும், வேறெங்கும் வழங்காததாயும் இருந்தால் ஒரு பெயரைப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டு அரசு ஒரு பட்டியல் எழுதி நடுவணரசிடம் கொடுக்கத் தடை என்ன? காலி மலையில் மாண்டவரை நினைந்து, ஒலியிலும் எழுத்திலும் ஒன்றோடொன்று குழம்பாத பெயர்களாய்த் தேர்வோம். அதுவும் தமிழால் இயலும்.

தமிழ்மக்களே! 2023ஆம் ஆண்டு முதல் மேலை ஆசியாவின் போர்வானில் பொய்யலைகள் பரவி வானூர்திகளை மயக்குகின்றன. மெய்யான கோளின் குரலைப் போலவே பேசி, இல்லாத இடத்தில் இருப்பதாய்ப் பொறியை நம்பச் செய்கின்றன. பொறி ஏமாறுகிறது, தன் வழியைத் தானே அறிந்த வலவர் மட்டும் ஐயுற்றுத் தப்புகிறார். ஓர் இனத்துக்கும் அதுவே நேர்கிறது. ‘ஆங்கிலமே அறிவு, இந்தியே ஒற்றுமை’ என்னும் பொய்யழைப்பு நம் காதில் ஓயாது ஒலிக்கிறது. நாம் இல்லாத இடத்தில் இருப்பதாய் நம்மை நம்பச் செய்கிறது. ஐயுறுங்கள்! உங்கள் நிலையை உங்கள் அளவையால் அளந்து பாருங்கள்!

வானூர்தியில் ஏறும் ஒவ்வொருவரும் தமிழ் அறிவிப்பைக் கேளுங்கள். இல்லையெனில், இல்லை என்று எழுதிக் கொடுங்கள். கல்லூரியில் கற்பிக்கும் தமிழர் ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பாடத்தையேனும் தமிழில் விளக்குங்கள். வலவராய், பொறிஞராய், கட்டுப்பாட்டாளராய்ப் பணிபுரியும் தமிழர், தம் தொழிற்சொற்களைத் தமிழில் எழுதி வையுங்கள். சட்டம் வரும்வரை காத்திராதீர். முன்னோர் சட்டம் வந்தபின் விளக்கு ஏற்றவில்லை.

கலத்தை அழைக்க விளக்கும் செய்து, அவ்விளக்குக்குச் சொல்லும் செய்த கடற்கரை இது. இன்று வானை அழைக்கும் சொல்லையும் நாமே செய்வோம். செய்யத் தவறினால், நம் வானில் நாமே வழிப்போக்கர் ஆவோம்.

எழுக தமிழ்! வானேறுக தமிழ்!